கடல் தெரிகிற வீடு

எங்கே போனாலும் பிளாஸ்கில் தேத்தண்ணி கொண்டுபோவது எங்கள் வழக்கம். கடைத் தேத்தண்ணியில் என் மனைவி புஸ்பவதி வாய் வைக்கமாட்டாள். அன்றைக்கும் ஊற்றிக் கொடுத்துவிட்டுத்தான் வந்தேன். அதையும் நீங்கள் வாக்குமூலத்தில் எழுதிக்கொள்ள வேண்டும்.

பால்டிக் கரையில் இருக்கும் அந்தக் கோட்டையைச் சீனி வியாபாரி ஒருவர் கோடை காலத்துக்கென்று கட்டினாராம். சண்டைக் காலத்தில் அது ஆஸ்பத்திரி. பிறகு தொழிலாளர் விடுமுறைக்கு வந்து தங்கினார்கள். பெர்லின் சுவர் விழுந்த பின் எங்களைப் போன்ற அகதிகளைத் தங்கவைக்கும் ஹைம் ஆனது. இப்போது பணக்காரரின் ஹோட்டல். கோபுரத்துக்குக் கீழே இருந்த அறையில்தான் நாங்கள் குடித்தனம் தொடங்கினோம். ஜன்னலைத் திறந்தால் கடல். அங்கே சிரித்ததுபோல் அவள் பிறகு நாங்கள் குடிபோன எசன் நகரத்தில் சிரித்து நான் காணவில்லை.

சில வருடமாக அவளுக்கு மறதி. என்னை ஐயா என்றாள். மகள் யதுசாவை நர்ஸ் என்றாள். குளிக்க வார்த்தால் அடித்தாள். சொந்த வீட்டுக்குள் நின்றுகொண்டே, "ஐயா, என்னை வீட்டை கொண்டுபோய் விடுங்கோ" என்று கெஞ்சினாள்.

"எந்த வீடு?"

"கடல் தெரியிற வீடு."

எனக்கும் ஏலாமல் போய்விட்டது. கொண்டுபோனேன்.

மாசி மாதம், உறைபனிக் காலம். ஹோட்டலைப் பூட்டியிருப்பார்கள் என்று எனக்குத் தெரியும். கடலைப் பார்த்த வாங்கில் அவளை இருத்தினேன். அவளுடைய கோட்டில் பெயரும் விலாசமும் எழுதி நானே தைத்துவிட்ட துண்டை வெட்டி எடுத்தேன். வீட்டுக்கு வந்து சேர்ந்தவளுக்கு விலாசம் எதற்கு?

கேற்றடிக்கு வந்தபோது பின்னால் குரல் கேட்டது.

"இஞ்சாருங்கோ, எனக்குக் குளிருது."

ஐயா என்று கூப்பிடவில்லை. கலியாணம் கட்டிய நாள் தொட்டு அவள் என்னை இஞ்சாருங்கோ என்றுதான் கூப்பிடுவாள். மறதி வந்த பின் அதைக் கேட்க நான் எவ்வளவு ஏங்கினேன் தெரியுமா? ஆனாலும் நடந்தேன்.

வீட்டில் யதுசா கேட்டாள், "அம்மா எங்கை அப்பா?"

"வீட்டை போயிட்டா, பிள்ளை" என்றேன்.

விடிய நாயோடு நடக்க வந்த யாரோ அவளைக் கண்டதாகச் சொல்கிறீர்கள். மடியில் கோப்பை இருந்ததாம், தேத்தண்ணி உறைந்துபோய். ஓம், மகேந்திரராஜா ஆகிய நான்தான் அவளைச் சாகவிட்டு வந்தேன். கையெழுத்தும் வைக்கிறேன்.

அவள் என்னைத்தான் கூப்பிட்டாள் என்று மட்டும் எழுதாதீர்கள். அவளுக்குத்தான் ஒருவரையும் அடையாளம் தெரியாதே.