ஐரினுக்கு மட்டும் கூவுற மெஷின்

மெஷின்லதான் கோளாறு, எக்கா! சோதன போடுற அந்தப் போலீசம்மாகிட்ட நான் படிச்சுப் படிச்சுச் சொல்றேன், காதுலயே வாங்க மாட்டேங்குது. அம்புட்டுப் பிள்ளைகளும் விறுவிறுன்னு பரிச்ச எழுத உள்ள போகுது, எம்மக ஐரின் போயி நின்னா மட்டும் கீ...ய்ங்குது! ஒரு தரம் இல்ல, திரும்பத் திரும்ப. அந்தா, வெளிர்மஞ்சச் சுடிதாரு... இரும்புக் கேட்டு ஓரமா தனியா நிப்பாட்டி வச்சிருக்காங்கல்ல, அதான் எம்மக. ஏதோ பஸ்ஸுல சங்கிலி அறுத்தவ கணக்கா! செத்த தள்ளி உக்காருங்க, வெயிலு மண்டையப் பொளக்குது. உங்க பய உள்ள போயிட்டானா? குடுத்து வச்சவுக நீங்க.

ஏனுங்கன்னு பேசுறீங்க, பழனிப் பக்கமா? நெய்க்காரப்பட்டியா! அங்கருந்து திண்டுக்கல்லுக்கு விடியக்காலமே பஸ் ஏறிருப்பீங்களே. நான் இந்தா இருக்க சின்னாளப்பட்டி. இருந்தென்ன, கிட்டக்க இருக்கவளுக்குத்தான் கேட்டத் தொறக்க மாட்டேங்குறாங்க.

ஒண்ணரைக்குப் பூட்டிருவாங்களாம் எக்கா. பூட்டுனா பூட்டுனதுதானாம், அழுது பொரண்டாலும் தொறக்க மாட்டாங்களாம். போன வருசமே டாக்டரு சீட்டு கொஞ்சூண்டு மார்க்குல கைவிட்டுப் போச்சு. ஒரு வருசம் பூரா வீட்லயே கெடந்து படிச்சிருக்கா. இதுவும் போச்சுன்னா இன்னொரு வருசம்! அவ தாங்கிக்குவா. நான் தாங்க மாட்டேன். ஏன்னா, படிச்சது நானாக்கும்!

சிரிக்காதீங்க, நெசமாத்தான் சொல்றேன். பயாலஜி அவளுக்குத் தண்ணி பட்ட பாடு. பிசிக்ஸுலயும் தப்பிச்சுக்குவா. இந்தக் கெமிஸ்ட்ரிதான் கால வாரி விடும். ரிவிஷன்னு புத்தகத்தத் தொறந்தாலே கொட்டாவி. கேள்வி கேக்க ஒரு ஆளு வேணும்ல? அவுக அப்பா ஜெரோமு, ஸ்கூல் வேன் ஓட்டுறாரு. அவரு கையில புத்தகத்தக் குடுத்தா, பிள்ளைக்கு முந்தி அவரு கொறட்ட விடுறாரு. அப்பறம் யாரு? நாந்தேன். வீட்ல ரவிக்க தைக்கிறவ நானு. மெஷின மிதிச்சுக்கிட்டே கேள்வி கேப்பேன்... கேட்டுக் கேட்டு இப்ப எல்லாம் எம்மண்டைக்குள்ள ஏறிப்போச்சு. அவ மண்டைக்குள்ள ஏறுச்சான்னுதான் தெரியல.

ஹாஃப்மன் ரியாக்ஷன் வந்தா ஒரு கார்பன் கொறஞ்சுரும், தெரியுமா ஒங்களுக்கு? எனக்குத் தெரியும்! சாண்ட்மேயரு, கன்னிசாரோ... எம்புருசன் வழிச் சொந்தம் பேரு கூட இம்புட்டு ஞாபகத்துல நிக்காது. எங்கொழுந்தன் மகளுக்கு ஞானஸ்நானம், பேரு ஒண்ணு சொல்லுங்க மதினின்னாங்க, வாயில கன்னிசாரோன்னு வந்துருச்சு. இன்னைக்கு வரைக்கும் கொழுந்தன் பொண்டாட்டி எங்கூட மொகங் குடுத்துப் பேசறதில்ல.

வீட்ல ஒரு வேல சும்மா நடக்காது. எறும்பு கடிச்சா ஆன்னு கத்த விட மாட்டேன், என்ன ஆசிட்டு சொல்லும்பேன். ஃபார்மிக் ஆசிட்டுன்னு சொன்னப்பறந்தான் சொறியணும். அவுக அப்பாவுக்கும் அதே சட்டந்தேன். புளில என்ன ஆசிட்டுன்னு கேப்பேன், டார்டாரிக்குன்னு சொல்லாட்டி கொழம்பும் கெடையாது வெஞ்சனமும் கெடையாது. பாவம் மனுசன், மோரு ஊத்திக்கிறேன்னாரு. மோருல என்ன ஆசிட்டுன்னேன். தட்டோட எந்திரிச்சுப் போயிட்டாரு.

இதக் கேளுங்க... சாயங்காலம் செபம் சொல்லுவோம், நாங்க வேதக்காரவுக. ஒராளு புனிதர் பேரு ஒவ்வொண்ணாச் சொல்ல, மத்தவுக 'எங்களுக்காக வேண்டிக்கொள்ளும்'னு சொல்லணும். அன்னைக்கு இவ கண்ண மூடிக்கிட்டு 'லித்தியம்'ங்கிறா! அவுக அப்பா 'எங்களுக்காக வேண்டிக்கொள்ளும்'ங்கிறாரு. சோடியம், வேண்டிக்கொள்ளும். பொட்டாசியம், வேண்டிக்கொள்ளும். சீசியம் வரைக்கும் போயிருச்சு எக்கா! நிப்பாட்ட வேண்டிய நானும் சேந்துல்ல சொல்லிக்கிட்டு இருக்கேன்!

அய்யய்யோ... அந்தா மறுபடியும் கூவுது. பிள்ள மொகத்தப் பாருங்க, சுண்டிப் போச்சு. அந்த மெஷினத் தூக்கி...

என்ன? கம்மலா? நேத்தே கழட்டிட்டேன், இந்தா எம் பையிலதான இருக்கு. ஹேர்பின்னு கெடையாது, ஊக்கு கெடையாது, கொலுசு கெடையாது. பட்டன்ல இரும்பு இருந்துருமோன்னு பட்டனயே அத்து எறிஞ்சுட்டு நாடா வச்சுத் தச்சேன். ரூல்ஸு எனக்கு மனப்பாடம். காலைல ஒரு பய பெல்ட்டு கொக்கியோட வந்து நின்னான். அவுக அம்மாவப் பிடிச்சு நானே ஏசினேன், பெத்தவளுக்குப் பொறுப்பு வேணாமான்னு.

தையல்லயா? தையல்ல என்ன இருக்கும்... நூலு இருக்கும்.

ஏன் அப்பிடிப் பாக்குறீங்க?

...இருக்கு. ஒண்ணே ஒண்ணு இருக்கு. ஆனா அது உலோகத்துல சேராது எக்கா. அது அந்தோணியாரு!

சுரூபம் எக்கா. கழுத்துல போடுவோம்ல, அவரு உருவம் போட்ட தகடு, இம்புட்டுக்கூண்டு. சாமியாருகிட்ட மந்திரிச்சு வாங்கியாந்து, சுடிதாரு பேண்ட்டுக்குக் கீழ மடிப்பு இருக்குல்ல, அதுக்குள்ள வச்சு ரெட்ட நூலுல தச்சுட்டேன். ஐரினுக்கே தெரியாது. தெரிஞ்சா வேணாம்னு குதிப்பா. உள்ள போயி கெமிஸ்ட்ரி கால வாருற நேரத்துல பிள்ளைக்கு ஒரு தொண வேணுமா வேணாமா? காணாமப் போனதெல்லாம் கண்டுபிடிச்சுக் குடுக்குறவரு. அந்த கன்னிசாரோவக் கண்டுபிடிச்சுக் குடுக்க மாட்டாரா?

அட, நான் யோசிக்காம செய்வனா? அது அலுமினியம். மெஷினுன்னா என்ன, காந்தந்தான? ரிவிஷன் கேக்கிற மாரியே அவகிட்ட கேட்டேன்: அலுமினியம் காந்தத்துல ஒட்டுமாடின்னு. அதுக்கு அவ, 'பாராமேக்னெட்டிக்மா, இழுக்குறதே தெரியாது, நல்ல கேள்வி கேட்ட'ன்னு எங் கன்னத்தக் கிள்ளுனா. அப்பறமும் சும்மா இருக்கல நானு. குண்டூசி பொறுக்க தைக்கிறவுக நாங்க காந்தம் வச்சிருப்போம்ல, அத அந்தோணியாருக்குப் பக்கத்துல காட்டிப் பாத்தேன். மனுசன் அசையவே இல்ல! ஒட்டாத பொருளுக்கு மெஷினு எப்பிடிக் கூவும்? நீங்களே சொல்லுங்க. அதான் சொல்றேன், மெஷின்லதான்...

எக்கா? எங்க எந்திரிச்சுட்டீங்க? அங்கிட்டு எதுக்கு... எக்கா, அது போலீசம்மா நிக்கிற கேட்டு எக்கா! நான் ஒங்கள நம்பித்தான சொன்னேன்! மாதாவே... போலீசம்மா காதுலயே போட்டுட்டாங்களே!

வாரேன், வாரேன்! கத்தாதீங்க, நாந்தேன் அம்மா. ஐரினு, அழுகாதடி. அம்மாதான்டி வச்சேன். அப்பறமா ஏசு, இப்பக் கால இங்கிட்டு நீட்டு. கத்திரிக்கோலு யாருகிட்டயும் இல்லயா? சரி விடு, பல்லு இருக்கு... ம்ம்... ம்ம்ம்... எவடி இவ, இம்புட்டு அழுத்தமாத் தச்சிருக்கா... ம்ம்... நாந்தேன்... வந்துட்டாரு! வந்துட்டாரு! ஓடு! மடிப்பு தொங்குனாத் தொங்கிட்டுப் போகுது, ஓடுடி!

...கூவலல்ல? எல்லாரும் கேட்டுக்கங்க, கூவல! என்னடி நின்னு திரும்பிப் பாக்குற? என்னது? சரி சரி, போ, பூட்டப் போறான்!

யப்பா... பூட்டிட்டாங்க. அவ உள்ள இருக்கா.

எக்கா, செத்த நகருங்க, உக்காந்துக்கிறேன். நீங்க போயிச் சொல்லாட்டி நான் இந்த மரத்தடிலயே உக்காந்து மெஷினக் கொற சொல்லிக்கிட்டே எம்பிள்ள வருசத்த முழுங்கிருப்பேன். ஒங்களப் போயி ஏசினனே. நல்லா இருக்கணும் நீங்க, ஒங்க பயலும் டாக்டராகணும்.

போகயில அவ என்ன சொன்னாங்கிறீங்களா? 'அது காந்தம் இல்லம்மா, கரண்டு கடத்துற எந்த உலோகம்னாலும் கூவும். அதெல்லாம் பிசிக்ஸுல வரும், நீ கெமிஸ்ட்ரி மட்டுந்தான படிச்ச'ன்னா. கண்ணுல தண்ணியோட சிரிக்கிறா எக்கா, எந்தங்கம்! ஆனா பாருங்க, ஒரு வருசம் மாடு கணக்கா ஒழைச்சிருக்கேன், எனக்கு வந்த ஒத்தக் கேள்வி செலபஸுக்கு வெளிய! இது எந்த ஊரு நாயம்? நீங்களே சொல்லுங்க...

எக்கா?

அந்தா... பையத் தூக்கிக்கிட்டு அடுத்த மரத்துக்குப் போயிட்டாங்க. நான் பாக்குறேன்னு மொகத்த வேற திருப்பிக்கிறாங்க. போகட்டும், களைச்சுப் போயிருப்பாங்க.

வாரும் அந்தோணியாரே, இப்பிடி என் உள்ளங்கைல உக்காரும். உள்ள விட மாட்டேன்னுட்டாங்கல்ல, நீரும் என்னமாரி வெளியதான் கெடக்கணும். பிள்ள வெளிய வர சாயங்காலம் ஆகும். நீராவது எந்திரிச்சுப் போகாமக் கேளும்... இந்தப் பிசிக்ஸு இருக்கே, பிசிக்ஸு...