ஐம்பதாவது பெயர்

டிசம்பர். மாலை ஆறே கால். பாகாலாவிலிருந்து சித்தூர் போகும் சாலையில் இடது பக்கம் ஒரு மண்பாதை பிரிகிறது. நான்கு கிலோமீட்டர். இரண்டு பக்கமும் மாந்தோப்பு. வீடு இல்லை, விளக்கு இல்லை. பாதை முடிகிற இடத்தில் ஒரு பழைய சர்ச்... அதன் பின்னால் கல்லறைகள்.

அந்தப் பாதையின் தொடக்கத்தில், கையில் டார்ச்சோடு ஒருவர் நின்றிருந்தார். பிரபாகர். நம் தறி ரிப்பேர்க்காரன் ஹரிபாபுவின் தாய்மாமன். ஹரிபாபு சொன்னதைத்தான் சொல்கிறேன். கரண்ட் வருகிறபோது வரட்டும். கொஞ்சம் நெருங்கி உட்காருங்கள்.

பிரபாகர் அந்தச் சர்ச்சின் செயலாளர். நூற்று முப்பது வருடக் கட்டடம். சுண்ணாம்புச் சுவர், தேக்கு உத்தரம், ஓட்டுக் கூரை. கூரை பாதி இறங்கிவிட்டது. இன்னொரு மழைக்காலம் தாங்காது. பழைய சர்ச்சுகளைப் பழுதுபார்க்க மானியம் தருகிறார்கள் என்று தெரிந்து மனு போட்டார். ஒரு நிபந்தனை இருந்தது. வழிபட ஐம்பது பேராவது வரவேண்டும். அவர்களுடைய பெயர்ப் பட்டியல் வேண்டும், கைநாட்டோடு.

ஊர் திருப்பதிக்கும் சென்னைக்கும் போய்விட்டது. மிச்சம் இருந்தது பிரபாகரோடு சேர்த்து பத்தொன்பது பேர்.

அவர் அடக்கப் பதிவேட்டை எடுத்தார். அந்தக் கல்லறைத் தோட்டத்தில் யாரையெல்லாம் புதைத்தார்கள் என்று எழுதிவைக்கிற நோட்டு. அதிலிருந்து முப்பது பெயர்களை எடுத்து, உயிரோடு இருப்பவர்களுக்குக் கீழே எழுதினார். ரேகைக்கு அவருடைய பத்து விரல், மனைவி பிரேமலதாவின் பத்து விரல். மீதிக்குக் கால் விரல்கள்.

பிரேமலதா சிரித்தாளாம். “மூக்கு ஒண்ணுதான் பாக்கி. அதையும் மையில தோச்சி வையி.”

எண்ணிப் பார்த்தால் நாற்பத்தொன்பது. பதிவேட்டின் மற்ற பக்கங்களைக் கரையான் அரித்திருந்தது. ஒரு பெயர் வேண்டும். திருப்பதியில் ஹாஸ்டலில் தங்கி நர்சிங் படிக்கும் மகளின் பெயரைக் கடைசியில் எழுதினார். ரேஷ்மா. ஐம்பது.

பிரேமலதா இப்போது சிரிக்கவில்லை.

“செத்தவங்களுக்குக் கீழ புள்ள பேர ஏன்யா எழுதினே?”

“பேருதானே மே.”

பட்டியலைச் சரிபார்க்க அதிகாரி வரும் நாள், அந்த டிசம்பர் ஞாயிறு. காலையில் வரவேண்டியவர். ஜீப் வழியில் நின்றுவிட்டது. சர்ச்சில் பதினெட்டுப் பேரும் காத்திருந்து, மாலை ஆராதனையையே ஆரம்பித்துவிட்டார்கள். மீதிப் பேர் கல்யாணத்துக்குப் போயிருக்கிறார்கள் என்று சொல்லலாம்... பிரபாகர் அதைத்தான் மனதுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஜீப் வந்தது. ஏறிக்கொண்டார். பாதி வழியிலேயே பாட்டுச் சத்தம் கேட்டது. பதினெட்டுப் பேர் பாடுகிற சத்தம் இல்லை அது.

வாசலில் ஈர மண் வாசனை. கூடவே நாப்தலின் உருண்டை வாசனை, பெட்டியில் வெகுநாள் கிடந்த நல்ல துணியில் வருமே, அது.

உள்ளே ஒரே ஒரு எமர்ஜென்சி விளக்கு. பாய்கள் நிறைந்திருந்தன. எல்லாருடைய முதுகும் தெரிந்தது. யாரும் திரும்பவில்லை. அதிகாரி வாசலில் நின்றபடியே டார்ச்சை வரிசை வரிசையாக ஓட்டி எண்ணினார். பிறகு பிரபாகர் பக்கம் திரும்பித் தெலுங்கில் சொன்னார்.

“மீதோ கலிபி யாபை. சரிபோயிந்தி.”

உங்களையும் சேர்த்து ஐம்பது. சரியாக இருக்கிறது.

பிரபாகர் கீழே பார்த்தார். அங்கே எல்லாரும் செருப்பை வெளியே விட்டுவிட்டுத்தான் உள்ளே போவார்கள். பதினெட்டு ஜோடி இருந்தது.

பெண்கள் பக்கம், கடைசி வரிசையில், வெள்ளை யூனிபார்மில் ரேஷ்மா உட்கார்ந்திருந்தாள்.

அதிகாரியை அனுப்பிவிட்டுத் திரும்பி வந்தபோது உள்ளே பதினெட்டுப் பேர் இருந்தார்கள். இன்றைக்குப் பாட்டு நன்றாக எடுபட்டது என்று பேசிக்கொண்டார்கள். பிரபாகர் மகளுக்கு போன் போட்டார்.

“ஹாஸ்டல்லதான் கீறேன் நைனா. தூங்கிட்டேன். கால்ல மட்டும்... இன்னாமோ சுண்ணாம்பு மாதிரி ஒட்டிக்கினு கீது.”

பிப்ரவரியில் மானியம் வந்தது. கொத்தனார்கள் ஓட்டைப் பிரித்தார்கள். சர்ச்சைப் பூட்டிவிட்டு ஆராதனையை மாமரத்தடிக்கு மாற்றினார்கள். உள்ளே தரையெல்லாம் சுண்ணாம்புத் தூள்.

ஒரு திங்கட்கிழமை காலை, சாவி வைத்திருக்கும் அப்பாவு வந்து கூப்பிட்டார். பூட்டு பூட்டியபடி இருந்ததாம். திறந்தால் தரையில் கால்தடங்கள். வெறும் கால்கள். வாசலிலிருந்து உள்ளே போயிருந்தன. எத்தனை பேர் என்று அப்பாவு எண்ணி வைத்திருந்தார். முப்பத்தொன்று.

வெளியே வந்த தடம் ஒன்றே ஒன்று. சின்னக் கால். இடது காலில் சுண்டு விரல் இல்லை. ரேஷ்மாவுக்கு நாலு வயதில் சைக்கிள் சக்கரத்தில் போன விரல்.

பிரபாகர் அன்றே மானியம் கொடுத்த ஆபீசுக்குப் போனார். ஒரு பெயரை நீக்கவேண்டும் என்றார். மரணச் சான்றிதழ் கொண்டுவாருங்கள் என்றார்கள். இன்னொரு வழிதான் இருந்தது. பட்டியலே பொய் என்று எழுதிக் கொடுப்பது. கொடுத்தால் அன்றைக்கே வேலை நிற்கும். கூரை திறந்து கிடக்கும்.

“போயி உண்மைய சொல்லிடுய்யா. கோயிலு போனா போவுது,” என்றாள் பிரேமலதா.

“கூரைய மூடட்டும் மே. மறுநாளே சொல்லிடறேன்.”

அதற்குப் பிறகு ஞாயிறு சாயங்காலம் ஆனால், வாசலுக்கு உள்ளே சுண்ணாம்புத் தூளைச் சீராகத் தூவிவிட்டுப் பூட்டுவார். திங்கள் விடிந்ததும் போய்ப் பார்ப்பார். உள்ளே முப்பத்தொன்று. வெளியே ஒன்று. அந்த ஒன்றைப் பார்த்தால் போதும், மூச்சு வரும். இப்படி எட்டு வாரம்.

ஏப்ரலில் ஒரு சனிக்கிழமை கடைசி ஓட்டையும் போட்டார்கள். திங்கட்கிழமை ஆபீசுக்குப் போவதாக இருந்தார். பட்டியல் பொய் என்று எழுதிய மனு சட்டைப் பையில் இருந்தது. அதற்கு முன் கதவைத் திறந்து பார்த்தார்.

உள்ளே முப்பத்தொன்று.

வெளியே வந்த தடம் இல்லை.

மகளுக்கு போன் போட்டார். முதல் மணியிலேயே எடுத்தாள்.

“சொல்லு நைனா.”

அதே குரல். போனை வைத்துவிட்டார். தரையில் இருந்த தூளை ஒரு கவரில் அள்ளிக்கொண்டார். திருப்பதி பஸ் ஏறினார்.

ஹாஸ்டல் வாசலில் மூன்று படிகள். மகளை வரச் சொல்லிவிட்டு, கவரைப் பிரித்து மூன்று படியிலும் தூவினார். வாட்ச்மேன் வேலை பார்க்கும் கன்னியம்மாள் திட்டினாள்.

“இன்னாய்யா, இப்பதான் பெருக்கினேன். கோலமா போடறே?”

அவர் திரும்பவில்லை. உள்ளிருந்து ரேஷ்மா வந்தாள். வெள்ளை யூனிபார்ம். சிரித்துக்கொண்டே படி இறங்கினாள். ஒன்று... இரண்டு... மூன்று. பக்கத்தில் வந்து நின்றாள். நாப்தலின் வாசனை அடித்தது.

“இன்னா நைனா, திடீர்னு?”

பிரபாகர் அவளுக்குப் பின்னால் பார்த்தார்.

படிகளில் தூள், தூவியது தூவியபடியே இருந்தது.