மூன்றாம் எண் பொய்மீன்

இந்த வாக்குமூலத்தைத் தமிழில் எழுதித் தரலாமா என்று கேட்டபோது நீங்கள் முகம் சுளிக்காமல் தாள் எடுத்துக் கொடுத்தது எனக்குப் பிடித்திருந்தது. முப்பத்தாறு வருடமாக லண்டனில் இருக்கிறேன், ஆங்கிலம் வராமல் இல்லை. ஆனால் வந்த புதிதில் அகதி விண்ணப்பத்துக்காக ஆங்கிலத்தில் ஒரு வாக்குமூலம் கொடுத்தேன். அதில் ஒரு திகதி பிழைத்துப்போய், அந்த ஒற்றைப் பிழையால் ஒன்பது வருடம் விசா இல்லாமல் இழுபட்டேன். சூடு கண்ட பூனை நான். இம்முறை திகதியும் நேரமும் சரியாக இருக்கட்டும்.

பெயர் இராஜேந்திரன். வயது அறுபத்தேழு. கோலியர்ஸ் வுட்டில் தனியாக இருக்கிறேன். ஊரிலும் இங்குமாக முப்பத்தொரு வருடம் மருந்துக்கடையில் மருந்து கட்டிக் கொடுத்தவன். ஒருநாளும் லேபல் மாறிக் கொடுத்ததில்லை. இதைப் பெருமைக்காகச் சொல்லவில்லை. நான் எப்படிப்பட்ட ஆள் என்று தெரியாமல் மிச்சத்தை வாசித்தால் உங்களுக்கு விளங்காது.

நான் சேர்ப்பது பொய்மீன்கள். தூண்டிலில் இரைக்குப் பதிலாகக் கட்டுகிற பித்தளை மீன்கள், இங்கே லூர் என்பார்கள். என் வீட்டிலிருந்து பத்து நிமிட நடையில், வாண்டில் ஆற்றங்கரையில், பெல்லமி என்ற ஒருவர் முன்பு பட்டறை வைத்து ட்ரவுட் என்கிற ஆற்றுமீனைப் பிடிக்கவென்று இவற்றைச் செய்தார். மொத்தம் ஆறு வகை. விரல் நீளம் இருக்கும். முதுகில் எண், வயிற்றில் மும்முனைக் கொளுக்கி, கண்ணுக்கு நீலக் கண்ணாடி மணி. தண்ணீரில் இழுத்தால் அடிபட்ட சின்ன மீன் போல நெளியும், பெரிய மீன் ஏமாந்து கவ்வும். மூன்றாம் எண்ணை ஒரேயொரு குளிர்காலம்தான் செய்தாராம். மற்ற ஐந்தும் என்னிடம் இருந்தன.

ஒவ்வொன்றுக்கும் ஓர் அட்டை எழுதி வைப்பேன். யாரிடமிருந்து வந்தது, எந்த இடத்தில், எந்த நாள், எத்தனை மணிக்கு. சேகரிப்பவனுக்கு இதுதான் ஒழுக்கம். பொருள் உண்மையாக இருந்தாலும் அட்டை பொய்யானால் பொருளும் பொய்தான்.

பஸ்தியாம்பிள்ளையை நீங்கள் பிணமாகத்தான் பார்த்தீர்கள். உயிரோடு பார்த்திருந்தால் உங்களுக்கும் அவனைப் பிடித்திருக்கும். பாசையூர்க்காரன், கடற்கரையில் பிறந்தவன். டூட்டிங்கில் மீன்கடை வைத்திருந்தான், வாய் ஓயாது. மனைவி இறந்தபின் மகள் ஷெறோன்தான் அவனுக்கு எல்லாம். இருபத்திரண்டு வருடமாக ஞாயிறு தவறாமல் இருவரும் ஆற்றுக்குப் போவோம். நான் கடையில் வாங்கிய பிளாஸ்டிக் மீனைக் கட்டி எறிவேன். பெல்லமியின் மீன்களை நான் நனைப்பதில்லை. அவனுக்கு அது பெரிய பகிடி.

"நீ மீனுக்கில்லை மச்சான், அலுமாரிக்குத் தூண்டில் போடுறாய்" என்பான்.

நான்கு வருடத்துக்கு முன் ஒரு பழைய சாமான் சந்தைக்குச் சேர்ந்து போனோம். ஒரு தகரப் பெட்டிக்குள் அவன் கையை விட்டான். வெளியே எடுத்தபோது விரல்களுக்கிடையில் மூன்றாம் எண் இருந்தது. நான் பக்கத்துப் பெட்டியைக் கிளறிக்கொண்டிருந்தேன். அரை நிமிடம் முந்தியிருந்தால் அது என் கை. அவன் அதை வாங்கி, அன்றைக்கே தூண்டிலில் கட்டினான். மீன் பிடிக்கச் செய்தது மீன் பிடிக்கத்தான் என்று சொன்னான். நியாயமான பேச்சுத்தான், நான் மறுக்கவில்லை. ஆனால் அன்றிலிருந்து ஒவ்வொரு ஞாயிறும் அது கல்லில் மோதும் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு பக்கத்தில் நின்றவன் நான். முதல் வருடமே எண்ணின் ஓரம் தேய்ந்துவிட்டது. அடுத்த வருடம் ஒரு கண்மணி கீறுப்பட்டது.

அவன் கல்நெஞ்சக்காரன் இல்லை. இரண்டு முறை, இனிக் கேட்கமாட்டேன் என்று மாதாமேல் ஆணையிட்டு, அதை எனக்கே தந்தான். இரண்டு முறையும் நான் அட்டை எழுதினேன். அடுத்த ஞாயிறே போன் வரும்: "மச்சான், அதை ஒருக்காக் கொண்டு வா, எறிஞ்சு பாத்திட்டுத் தாறன்." கொண்டுபோனால் திரும்பி வராது. இரண்டு அட்டைகளையும் கிழித்தேன். எழுதிய அட்டையைக் கிழிப்பது எனக்கு எப்படி இருந்தது என்று யாருக்கும் சொன்னதில்லை, உங்களுக்குத்தான் சொல்கிறேன்.

இனி செப்டெம்பர் இருபத்தெட்டு, ஞாயிறு. ட்ரவுட் பருவம் முடிய இரண்டு நாள் இருந்தது. முந்தின இரண்டு நாளும் மழை பெய்து ஆறு மண்நிறத்தில் போனது. ஏழு மணிக்குத் தடுப்பணைக்குக் கீழேயுள்ள மடுவின் கரையில் நின்றோம். வேறு யாரும் இல்லை. அவன் மூன்றாம் எண்ணை எறிந்தான். அது தண்ணீருக்கடியில் எதிலோ மாட்டிக்கொண்டது. இழுத்துப் பார்த்தான், வரவில்லை.

"சரி, போகட்டும். நூலை அறுப்பம்" என்றான்.

"இடுப்பளவுதான். இறங்கினால் எடுக்கலாம்" என்றேன். "நான் கைவலையை நீட்டிக்கொண்டு நிக்கிறன்."

அந்த மடுவை நான் கோடையில் நூலில் ஈயம் கட்டி இறக்கி அளந்திருக்கிறேன். கரையோரம் இடுப்பளவு. நாலடி தள்ளினால் எட்டடி. மழைக்குப் பிறகு இன்னும் கூட. அவன் தண்ணீரைப் பார்த்தான், பிறகு என்னைப் பார்த்தான்.

"உன்ர மூஞ்சி செத்தவீடு மாதிரிக் கிடக்கு. எடுத்தால் இது உனக்குத்தான். மாதாவாணை, இனிக் கேக்கமாட்டன்."

நெஞ்சுவரை வரும் றப்பர் காற்சட்டையோடு இறங்கினான். நூலைப் பிடித்துக்கொண்டே போய், குனிந்து, பொய்மீனைக் கழற்றி, நூலையும் பல்லால் கடித்து அறுத்துவிட்டு, கையை உயர்த்திக் காட்டினான். சிரித்தான். திரும்புவதற்குக் கால் வைத்த இடத்தில் நிலம் இல்லை. கடலில் நீந்திப் பழகியவன்தான், ஆனால் றப்பர் காற்சட்டைக்குள் தண்ணீர் நிறைந்தால் நீச்சல் உதவாது. ஒரு கையால் தடுப்பணையின் இரும்புக் கம்பியைப் பிடித்துக்கொண்டான். மற்றக் கையில் மூன்றாம் எண் இருந்தது. நான் சொன்னபடியே வலையை நீட்டினேன். நீளமான பிடி, அவனுக்கு நன்றாக எட்டியது.

"முதல் அதை உள்ளுக்குப் போடு. கொளுக்கி கையைக் கிழிச்சுப்போடும்" என்றேன்.

போட்டான். நான் வலையை இழுத்துக்கொண்டு மணிக்கூட்டைப் பார்த்தேன். ஏழு நாற்பது.

எட்டு மணிக்கு ஆற்றுக்கு வந்ததாகவும் அவன் அப்போதே மிதந்துகொண்டிருந்ததாகவும் அன்று வந்த உங்கள் பொலிஸ்காரரிடம் சொன்னேன். அது பொய். வாயால் சொல்வது வேறு, அட்டையில் எழுதுவது வேறு. அன்று பின்னேரம் அட்டையில் உள்ளதை உள்ளபடி எழுதினேன்: மூன்றாம் எண், பஸ்தியாம்பிள்ளையின் கையால் பெற்றது, வாண்டில் தடுப்பணை மடு, இருபத்தெட்டு செப்டெம்பர், காலை ஏழு நாற்பது.

நவம்பரில் ஷெறோன் தகப்பனின் தூண்டில் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தாள். "அப்பா இருந்தாலும் இதை உங்களுக்குத்தான் தந்திருப்பார், அங்கிள்" என்றாள். என் சேகரிப்பைப் பார்க்கலாமா என்று கேட்டாள். முதல்முறையாக ஆறும் வரிசையாக இருந்தன. அதைக் காட்டாமல் இருக்க என்னால் முடியவில்லை. அலுமாரியைத் திறந்துவிட்டுத் தேநீர் போடப் போனேன். திரும்பி வந்தபோது அட்டை அவள் கையில் இருந்தது.

"அங்கிள், ஏழு நாப்பதுக்கு அப்பா உயிரோட இருந்தவரா?"

நேரம் மாறி எழுதிவிட்டேன் என்று ஒரு சொல் சொல்லியிருக்கலாம். வயதானவன் சொன்னால் நம்பியிருப்பாள்.

"அட்டை பிழைக்காது, பிள்ளை" என்றேன்.

அவள் தேநீரைத் தொடவில்லை. அட்டையைக் கைப்பைக்குள் வைத்துக்கொண்டு நேரே உங்களிடம் வந்தாள். அவள்மேல் எனக்குக் கோபம் இல்லை.

ஏழு நாற்பதுக்கும் எட்டு மணிக்கும் இடையில் என்ன நடந்தது என்று காலையிலிருந்து கேட்கிறீர்கள். நான் அவனைத் தள்ளவில்லை. கம்பியிலிருந்து அவன் கையைக் கழற்றவும் இல்லை. வேண்டிய பொருள் என் கைக்கு வந்துவிட்டது, அதுவும் அவனாகத் தந்தது. பிறகு ஏன் ஒருவனைக் கொல்ல வேண்டும்? இதை நீங்கள் யோசிக்க வேண்டும். கரையேறியிருந்தால் அடுத்த ஞாயிறு போன் எடுத்திருப்பான் என்பது உண்மைதான். மாதாமேல் ஆணையிட்டது அதுதான் மூன்றாம் தடவை. மூன்றாம் அட்டையையும் கிழிக்க என்னால் ஏலாது. அந்த நினைப்பு எனக்கு வந்தது, மறைக்கவில்லை. வலையைத் திருப்பி நீட்டவில்லை என்பதையும் மறைக்கவில்லை.

பழைய கொளுக்கியில் ஈரம் நின்றால் துரு ஏறிவிடும். பையில் மெல்லிய துணி வைத்திருந்தேன். ஆற்றுக்கு முதுகு காட்டிக் கல்லில் குந்தியிருந்து ஒவ்வொரு முனையாகத் துடைத்தேன். அவசரப்பட்டுச் செய்கிற வேலை இல்லை அது. அவன் இரண்டு தரம் கூப்பிட்டான். கூப்பிட்டும் நான் பேசாமல் இருந்தேன் என்று ஷெறோன் நினைத்துவிடக் கூடாது, அவளுக்கு இதை வாசித்துக் காட்டுங்கள். இரண்டு தரமும் நான் பதில் சொன்னேன். "பொறு மச்சான், வாறன்" என்று சொன்னேன்.