எனக்கு நெறி இருக்கு டாக்டர்

...சிரிக்கிறாருண்ணே! வைத்தியம் பாக்குறவரு சிரிக்கலாமா? கொஞ்சம் தள்ளி உக்காருங்க, கால நீட்டிக்கிறேன். பஸ்ஸா ஓட்டுறான், பள்ளத்துலயே விடுறான்... என்ன சொன்னேன்? ஆங், டாக்டரு. தொடையிடுக்குல புளியங்கொட்ட கணக்கா ரெண்டு முடிச்சுண்ணே, பத்து நாளா நடக்க முடியல. பசுமலைக்குப் புதுசா வந்த டாக்டரு, வெளியூரு, படிச்சது பூராம் இங்கிலீசு. பக்கத்துல நர்ஸம்மா வேற நிக்குது. எடத்தச் சொல்லக் கூச்சமா இருக்காதா? நாசூக்கா, "எனக்கு நெறி இருக்கு டாக்டர்"னேன். நிமுந்து பாத்து, "சந்தோஷம், அத விட்டுறாதீங்க"ங்கிறாரு! ஒழுக்கத்துக்குப் பிரைஸ் வாங்கவாண்ணே போனேன்?

அவருக்கு நெறி கட்டுறதுன்னா என்னன்னே தெரியல, வாசல்ல போர்டு மட்டும் எம்புட்டு நீளம்! நர்ஸம்மாதேன் வெளங்க வச்சுச்சு. அதுக்கப்பறந்தேன் அந்தச் சிரிப்பு. சரி, முடிச்சப் பாப்பாருன்னு பாத்தா, பூட்ஸக் கழட்டுங்கிறாரு! ஜவுளிக்கடை செக்யூரிட்டிண்ணே நானு. பன்னெண்டு மணி நேரம் பூட்ஸ்லயே நிக்கிறவன் கழட்டுனா மணக்கவா செய்யும்? மாட்டேன்னேன். நர்ஸம்மா ஒரு மொற மொறச்சுச்சு. கழட்டிட்டேன்.

"இது லிம்ஃப் நோடு, நிணநீர் முடிச்சு. ஒடம்பு பூராம் நூத்துக்கணக்குல இருக்கு. கால்ல ஏறுன கிருமிய மேல விடாம மடக்கிச் சண்ட போடுது, அதேன் வீங்கிருக்கு"ன்னாரு. அதப் போயி நான் சுண்ணாம்பு தடவி, வெளக்கெண்ண போட்டு உருவி... தோலு வெந்ததுதேன் மிச்சம்.

கிருமி எப்பிடி ஏறுச்சா? அது... கால் ஆணிண்ணே. சவரம் பண்ணுன பழைய பிளேடு கெடந்துச்சு. லேசாத்தேன் சீவுனேன்... சரி, ரத்தம் வந்துச்சு. பூட்ஸ மாட்டிக்கிட்டு வேலைக்குப் போயிட்டேன். சுகரு வேற இருக்கு. இன்னும் நாலு நாள் தள்ளி வந்திருந்தா வெரலு போயிருக்கும்னு திட்டுறாரு.

அந்த வெரல் கெடக்கட்டும்ணே. செல்லக்கிளி, எம் பொண்டாட்டி... அவ வச்ச கருவாட்டுக் கொழம்புலதேன் நெறி கட்டுச்சுன்னு தெருவே கேக்கக் கத்திப்புட்டேன். சட்டியத் தூக்கி வாசல்ல வீசுனேன். மொத நாளே அவ, "கால காட்டுய்யா, சீழ் வாடை அடிக்குது"ன்னா. "நீ என்ன டாக்டரா?"ன்னு கேட்டேன். தெப்பக்குளம் பக்கம் அவ அம்மா வீட்டுக்குப் போயி இன்னியோட எட்டு நாளு. ஒரு வாய் தண்ணி மோந்து குடுக்க ஆளில்லண்ணே. நெசமாச் சொல்றேன், அழுகையா வருது.

அங்கதேன் போறேன். ஆனா தப்பு எம்மேலன்னு நானே எப்பிடிண்ணே சொல்றது? ஆம்பள இல்லையா? நீங்க பாக்கப் பெரிய மனுசனா இருக்கீங்க. கூட வந்து, "கருவாடு இல்லத்தா, பிளேடு"ன்னு ஒரே ஒரு வார்த்த... நான் தெருமுக்குல நின்னுக்கிறேன். ஏண்ணே எந்திரிக்கிறீங்க? தெப்பக்குளத்துக்கு இன்னும் ரெண்டு ஸ்டாப் கெடக்கு! அதையும் தாண்டி வெரகனூருக்குத்தான டிக்கெட் எடுத்தீங்க? அண்ணே... அண்ணே!

எறங்கிட்டாருய்யா.

கண்டக்டரண்ணே... தெப்பக்குளத்துல வண்டி எம்புட்டு நேரம்ணே நிக்கும்? ஒரே ஒரு வார்த்ததேன்...