மூன்று இடத்தில் மட்டும் காய்ந்த படகு

பொதுமக்களுக்கும், காவல் துறைக்கும், வருங்கால வரலாற்று ஆசிரியர்களுக்கும் இதனால் அறிவிக்கப்படுவது யாதெனில், புனேயில் கடல் கிடையாது.

இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. ஏனென்றால் இந்த விவகாரத்தில் ஒரு கேப்டன் வருகிறார். வெள்ளைச் சட்டை, தோளில் தங்கப் பட்டை, நங்கூரம் தைத்த தொப்பி. மலை இறங்கி நூறு கிலோமீட்டருக்கு மேல் போனால்தான் கடல். அதை நம்பி ஒருவர் இவ்வளவும் தைத்துப் போட்டுக்கொள்கிறார் என்றால் அவரைப் பற்றி நிதானமாகத்தான் பேச வேண்டும்.

என் பெயர் மகாதேவன். வயது ஐம்பத்து நான்கு. புனே கட்கியில் பிறந்தவன். அப்பா வெடிமருந்துத் தொழிற்சாலையில் வேலை பார்த்தார். தளேகாவில் எனக்கு ஒரு ஃபைபர் பட்டறை இருக்கிறது. தண்ணீர்த் தொட்டி, செக்யூரிட்டி கூண்டு, பூங்காவில் வாயைப் பிளந்துகொண்டு குப்பை கேட்கும் பென்குவின், எல்லாம் செய்வோம். வாக்குமூலத்தை மராத்தியில் எழுதித் தரச் சொன்னார் இன்ஸ்பெக்டர். எனக்கு மராத்தி நன்றாகவே வரும். இருந்தாலும் தமிழில்தான் எழுதுவேன் என்றேன். மொழிபெயர்க்கப்போகும் அம்மணி சிரமத்தைப் பொறுத்துக்கொள்ள வேண்டும். காரணம் இருக்கிறது.

கேப்டனின் பெயர் ரவிசந்திரன். சென்னைக்காரர். சிஞ்ச்வட்டில் பெரிய அடுக்குமாடி சொசைட்டியில் வீடு. ஒரு மென்பொருள் நிறுவனத்தில் துணைத் தலைவர். அந்த நிறுவனத்தில் லிஃப்டில் ஏறினால் இரண்டு துணைத் தலைவர்களையாவது இடிக்காமல் இறங்க முடியாது என்று கேள்வி. அவர் தன் சொசைட்டித் தமிழர்கள் ஐந்து பேரைச் சேர்த்துக்கொண்டு ஒரு படகு சங்கம் ஆரம்பித்தார். ஆறு பேருக்கும் பதவி. சாதாரண உறுப்பினர் என்று ஒருவரும் இல்லை. சங்கத்துக்குச் சின்னம் வந்தது, கொடி வந்தது, சீருடை வந்தது. படகு கடைசியில் வந்தது.

மூடிப்போன ஒரு ரிசார்ட்டில் வெயிலிலும் மழையிலும் கிடந்த பதினெட்டு அடி ஃபைபர் படகு அது. வயது இருபத்தைந்துக்குக் குறையாது. ஜூன் மாதம் டெம்போவில் ஏற்றி என் பட்டறைக்கு அனுப்பினார்.

பழைய ஃபைபர் படகைப் பற்றிக் கொஞ்சம் தெரிந்தால்தான் நான் செய்தது விளங்கும். படகின் மேல்தளத்துக்கும் அடிப்பாகத்துக்கும் நடுவில் இருக்கும் இடத்தில் ஃபோம் அடைத்திருப்பார்கள். படகு கவிழ்ந்தாலும் உள்ளே தண்ணீர் ஏறினாலும் அந்த ஃபோம் அதை முழுகவிடாது. ஆட்கள் விளிம்பைப் பிடித்துக்கொண்டு மிதக்கலாம். அதற்குத்தான் அது இருக்கிறது. ஆனால் தளத்தில் மயிரிழை விரிசல் விட்டாலும் போதும், வருடக்கணக்கில் தண்ணீர் சொட்டுச் சொட்டாக உள்ளே போகும், ஃபோம் அதைக் குடித்துவிடும். குடித்ததைத் திருப்பித் தராது. வெளியிலிருந்து பார்த்தால் ஒன்றும் தெரியாது. பெரிய பதவியில் இருப்பவர்கள் சிலரையும் நான் அப்படிப் பார்த்திருக்கிறேன்.

செயின் புல்லியில் தூக்கி எடை போட்டோம். நானூறு கிலோ இருக்க வேண்டிய படகு அறுநூற்றைம்பது இருந்தது. அதாவது, யாரும் ஏறுவதற்கு முன்பே நான்கு ஆட்கள் உள்ளே படுத்திருக்கிறார்கள்.

ஆண்டனி தளத்தில் ஒரு துளை போட்டான். என்னிடம் இருபத்திரண்டு வருடமாக வேலை செய்பவன். அவனும் கட்கிதான், பக்கத்து லைன். துளையில் விரலை விட்டு ஒரு துண்டு ஃபோமை எடுத்துப் பிழிந்தான். தண்ணீர் முழங்கைவரை ஓடியது.

"உள்ள பூரா பாணிணா," என்றான். "மேல மேல பட்டி பார்த்தா வேலைக்காவாது. தளத்த மொத்தமா கட் பண்ணி, எல்லாத்தையும் நோண்டி எடுத்துடணும். காய வச்சு, புது ஃபோம் ஊத்தணும்."

"ரெண்டு மாசம் ஆவும்டா."

"ஆவட்டும்ணா. மனுஷன் ஏர்ற மாலு. பென்குவினா இது?"

அவன் சொன்னது சரி. நானும் அப்படியே செய்வதாகத்தான் இருந்தேன். இதைக் குறித்துக்கொள்ள வேண்டுகிறேன்.

ரவிசந்திரனிடம் நேரில் சொல்லிவிடலாம் என்று சொசைட்டிக்குப் போனேன். அன்று ஆடிப்பெருக்கு விழா. ஆறு ஓடாத கிளப் ஹவுஸில், நீச்சல் குளத்துக்குக் குங்குமம் வைத்து, ஏழு வகைச் சாதத்தோடு காவிரித் தாயை வரவழைத்துக்கொண்டிருந்தார்கள். இருநூறு பேர் இருக்கும். கேப்டன் கையில் மைக் இருந்தது. சிலருக்கு மைக்தான் முதுகெலும்பு.

"இதோ வந்துட்டார் நம்ம மிஸ்திரி. நம்ம கப்பலை ரெடி பண்றவர். பொறந்ததுலேர்ந்து புனே. இவர் பேசுற தமிழை நீங்க எல்லாரும் கேட்டே ஆகணும். வாங்க மகாதேவன், போட் எப்படி இருக்கு, சொல்லுங்க."

மைக்கை என் வாயருகே நீட்டினார். நான் சொன்னேன்: "படகு உள்ள பூரா கீலா இருக்கு சார். ஃபோம் எல்லாம் நிகாலணும். இல்லன்னா டேஞ்சர்."

சிரித்தார்கள். ஈரத்தைக் கீலா என்றும் எடுப்பதை நிகால் என்றும் கட்கியில் மூன்று தலைமுறையாகச் சொல்கிறோம். அதில் அவர்களுக்கு என்ன கிடைத்ததோ, சாதத் தட்டைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். கேப்டன் மைக்கைத் திரும்ப வாங்கிக்கொண்டார்.

"நிகாலிடலாம் சார், நிகாலிடலாம். கவலையே படாதீங்க."

மறுபடி சிரிப்பு. அவருடைய மகள் சுப்ரஜா, பதினான்கு வயது இருக்கும், தமிழில் ஒரு வரி சேர்ந்தாற்போல் பேசத் தெரியாது, அவளும் சிரித்தாள். அவர் மனைவி கிரிஜா பிறகு ஒரு தொன்னையில் சர்க்கரைப் பொங்கல் கொண்டுவந்து கொடுத்தார். "தப்பா எடுத்துக்காதீங்க சார், அவர் எப்பவும் இப்படித்தான். உங்க தமிழ் நிஜமாவே ஸ்வீட்."

நான் பொங்கலைச் சாப்பிட்டேன். நன்றாக இருந்தது. முந்திரியில் குறை வைக்கவில்லை.

ஆகவே நான் எச்சரிக்கவில்லை என்று யாரும் சொல்ல முடியாது. இருநூறு பேர் முன்னால், ஒலிபெருக்கியில் எச்சரித்தேன். ரசித்தார்கள். ஒருவரை இரண்டு தடவை எச்சரிப்பது மரியாதைக் குறைவு என்று நினைக்கிறேன்.

அதற்குப் பிறகு என் நோக்கம் எளிமையானது. துணைத் தலைவரை அவருடைய பட்டை, தொப்பியோடு, அவரே அழைத்துவந்த கூட்டத்தின் முன்னால் தண்ணீரில் உட்காரவைக்க வேண்டும். அவ்வளவுதான். அதிகப்படியாகக் காற்று அடைத்த பொருளில் ஒரு துளை போடுவது. இதை ஒரு சமூகப் பணியாகக்கூடச் சொல்லலாம்.

இடைஞ்சல் ஆண்டனி. அவன் தளத்தை மூட விடமாட்டான். ஆனால் ஆகஸ்ட் கடைசியில் வருடா வருடம் வேளாங்கண்ணிக் கொடியேற்றத்துக்குப் போய்விடுவான். பன்னிரண்டு நாள் லீவு. இந்த வருடம் இரண்டு நாள் முன்னதாகவே போய் வா என்றேன். சந்தோஷப்பட்டான்.

அந்தப் பதினான்கு நாளும் நான் தனியாக வேலை செய்தேன். நனைந்த ஃபோமை அப்படியே விட்டேன். துளையையும் விரிசல்களையும் அடைத்தேன். கண்ணாடி இழைப் பாய் விரித்து ரெசின் ஊற்றி, மேலே வெள்ளை ஜெல்கோட் அடித்தேன். கண்ணாடி மாதிரி வந்தது. சொந்தக் கையால் அவ்வளவு சுத்தமாக நான் வேலை செய்து பல வருடம் ஆகியிருந்தது.

ஒரு நுணுக்கம் இருக்கிறது. ஃபோம் காய்ந்திருக்கிறதா என்று பார்க்க, தளத்தைத் தட்டிப் பார்ப்போம். காய்ந்திருந்தால் டக் என்று கேட்கும். நனைந்திருந்தால் தொப் என்று கேட்கும். ஒவ்வொருவருக்கும் தட்டும் இடம் ஒரு பழக்கமாகிவிடும். ஆண்டனி எப்போதும் மூன்று இடத்தில் தட்டுவான். மூக்கருகே ஒன்று, நடு இருக்கைக்கு வலப்பக்கம் ஒன்று, எஞ்சினுக்கு முன்னால் ஒன்று. இருபத்திரண்டு வருடம் பார்த்திருக்கிறேன். அந்த மூன்று இடத்தில் மட்டும், ஒரு தாம்பாளம் அகலத்துக்கு வெட்டி, ஈரத்தை எடுத்துவிட்டு, காய்ந்த ஃபோம் வைத்தேன்.

திரும்பி வந்தவன் பையைக்கூட இறக்கவில்லை. நேராகப் படகிடம் போய்ச் சுத்தியல் பிடியால் தட்டினான். டக். டக். டக்.

"தனியாவே பண்ணிட்டியாணா?"

"ஆமா."

"சொல்லியிருந்தா சீக்கிரம் வந்திருப்பேன்ல. இடுப்ப வச்சிக்கினு எதுக்குணா உனக்கு இதெல்லாம்." கையால் அசைத்துப் பார்த்தான். "இன்னும் கனமா கீதே?"

"ஃபைபர் மேட் ரெண்டு லேயர் சேத்துப் போட்டிருக்கேன்."

அவன் கோயிலிலிருந்து கொண்டுவந்த சின்ன மாதா படத்தை எஞ்சினுக்குப் பக்கத்தில் ஒட்டினான்.

அக்டோபர் இரண்டாம் ஞாயிறு, காலை பதினோரு மணி. பவனா பக்கத்து நீர்த்தேக்கம் மழைக்காலம் முடிந்து விளிம்புவரை நிறைந்திருந்தது. மாலை போட்டார்கள். தேங்காய் உடைத்தார்கள். கேப்டன் இருபத்திரண்டு நிமிடம் பேசினார். சோழர்கள் கடல் கடந்ததில் ஆரம்பித்து, நடுவில் எங்கும் கரை ஒதுங்காமல், தன்னிடம் வந்து முடித்தார்.

எங்கள் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு. படகை யார் சரிசெய்தானோ அவன்தான் முதல் ஓட்டத்தில் ஏற வேண்டும். கேப்டனுக்கும் அது தெரிந்திருந்தது.

"மகாதேவன், முதல்ல நீங்க ஏறுங்க. நீங்க ஏறாம நான் ஏறுறதா இல்ல."

"எனக்கு இடுப்பு பிடிச்சிருக்கு சார். ஆண்டனி வருவான். எஞ்சினும் அவன்தான் ஓட்டணும்."

"ஆண்டனி ஏறினா எனக்கு ஓகே. என்ன ஆண்டனி, கியாரண்டியா?"

ஆண்டனி என்னைப் பார்த்தான். நான் தலையசைத்தேன்.

"அண்ணன் கை வச்ச மால் சார். கண்ண மூடினு ஏறுங்க."

ஐந்து பேர் போக வேண்டிய படகில் ஏழு பேர் ஏறினார்கள். சங்கத்தின் ஆறு பதவிகளும் ஆண்டனியும். மிதவைச் சட்டைகள் ஆறு, சீட்டுக்கு அடியில், பிளாஸ்டிக் உறை பிரிக்காமல். போட்டுக்கொண்டால் பட்டை மறையும், புகைப்படத்தில் சின்னம் தெரியாது என்று கேப்டன் சொல்லிவிட்டார். பதவிக்கு ஒன்றாக வாங்கியிருந்தார்கள். ஓட்டுகிறவனை யாரும் எண்ணவில்லை.

கரையிலிருந்து இருநூறு அடி போயிருப்பார்கள். கிரிஜா கரையில் நின்று, எல்லோரும் இந்தப் பக்கம் பாருங்கள் என்று கையசைத்தார். ஆறு பேரும் ஒரே பக்கம் வந்து நின்றார்கள். விளிம்பு தண்ணீருக்குள் போனது. அவசரமே இல்லாமல், கட்டிலில் ஆள் உட்காருவது மாதிரிப் போனது. நல்ல படகாக இருந்தால் தண்ணீர் நிறைந்தும் மிதந்துகொண்டு நின்றிருக்கும். இது பின்பக்கமாக இறங்கியது. ஒரு நிமிடம்கூட ஆகவில்லை.

அந்த ஒரு நிமிடத்தில் ஆண்டனி என்ன செய்தான் என்பதைக் கரையில் எல்லோரும் பார்த்தார்கள். சீட்டுக்கு அடியிலிருந்து சட்டைகளை இழுத்து, உறைகளைப் பல்லால் கிழித்து, ஒவ்வொன்றாக அவர்கள் பக்கம் வீசினான். ஆறையும் வீசினான். பிறகு வீச ஒன்றும் இல்லை. பக்கத்து ரிசார்ட்டின் மோட்டார் படகு வந்து ஆறு பேரையும் எடுத்தது. கேப்டனுக்குத் தொப்பி மட்டும் போனது. ஆண்டனியை மறுநாள் காலை எடுத்தார்கள்.

இனி நான் ஏன் நானாகவே வந்து இதை எழுதிக் கொடுக்கிறேன் என்பது. விசாரணை முடியப்போகிறது. ரவிசந்திரன் கொடுத்த வாக்குமூலத்தில், படகைப் பழுதுபார்த்தவர் இறந்துபோன ஆண்டனி என்றும், அவருடைய கவனக்குறைவே காரணம் என்றும் இருக்கிறது. கோப்பில் அப்படித்தான் எழுதப்போகிறார்களாம். இதை என்னால் ஒத்துக்கொள்ள முடியாது. ஆண்டனி கவனக்குறைவாக வேலை செய்பவன் அல்ல. தவிர, அந்தத் தளத்தில் கவனக்குறைவு என்று ஒரு அங்குலம்கூடக் கிடையாது. மூன்று இடத்தையும் இணைப்பே தெரியாமல் மூடியிருக்கிறேன். படகை வெளியே எடுத்து வைத்திருக்கிறார்கள் அல்லவா, நீங்களே விரலால் தடவிப் பாருங்கள். அப்படி வேலை செய்யப் புனேயில் இன்னொரு ஆள் இருந்தால் சொல்லுங்கள்.

மற்றபடி எனக்கு யார்மீதும் பகை இல்லை. ஒரு மனிதர் நனைய வேண்டும் என்று நினைத்தேன். அவர் நனைந்தார். அந்த அளவில் கணித்ததெல்லாம் சரியாகவே நடந்தது. நடுவில் வேறொன்று நடந்துவிட்டது, அதற்கு மிதவைச் சட்டையை ஒன்று குறைத்து வாங்கியவர்களைத்தான் கேட்க வேண்டும் என்று நான்கு நாளாக எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன்.

நேற்று ஆண்டனியின் மனைவி ஜெசிந்தா பட்டறைக்கு வந்தாள். அவனுடைய டிபன் பாக்ஸையும் மாற்றுச் சட்டையையும் எடுத்துக்கொண்டாள். போகும்போது வாசலில் நின்று கேட்டாள்.

"அவருக்குத் தண்ணின்னாலே பயம்ணா. நீச்சல் தெரியாதுன்னு உனக்கும் தெரியும்ல. வேளாங்கண்ணிக்குப் போனாக்கூட கால் நனைக்க மாட்டாரு. அன்னிக்கு எதுக்குணா ஏறினாரு?"

எனக்குத் தெரியாது என்றேன்.

நான் தலையசைத்தேன், அதனால் ஏறினான்.