பாட்டில் மேல ஒரு மூஞ்சி

— லேபிள்ல எம்பட போட்டோவ இன்னுங் கொஞ்சம் பெருசு பண்ணு அம்மணி.

— இதுக்கு மேல பெருசு பண்ணா உங்க காது ரெண்டும் பாட்டிலுக்குப் பின்னால போயிருமுங்க, சுப்பையண்ணா.

— போவட்டும். காதுல என்ன இருக்குது? மூஞ்சி நல்லாத் தெரியோணும்.

— அண்ணா, இது கக்கூஸ் கழுவுற மருந்துங்க.

— தெரியும். நாந்தான கலக்குறேன்.

— மசாலாப் பாக்கெட்டு, அப்பளக் கட்டுன்னா மொதலாளி படம் போடுவாங்க, சரி. டாய்லெட் கிளீனர்ல ஆருங்க போடறாங்க?

— ஆரும் போடறதில்லையல்லொ? அப்பக் கடையில நம்ம பாட்டில் தனியாத் தெரியும்.

— மூஞ்சி தெரியும்ங்க. பேரு தெரியாது. 'சுப்பு பளிச்' இப்ப உங்க மீசைக்கடியில பொடி எழுத்துல கெடக்குது, பல்லுல ஒட்டுன கீரையாட்டம்.

— கெடந்துட்டுப் போவுது. அந்த மஞ்ச நட்சத்திரத்துல 'புத்தம் புதியது'ன்னு போட்டிருக்கறயே, அத எம்பட நெத்திக்கு மேல தூக்கி உடு.

— உங்குளுக்கா புத்தம் புதியதுன்னு போடறது? ஜனங்க நம்போணுமில்லீங்களா.

— நக்கலு?

— இல்லீங்க, சாயந்தரம் பிரஸ்ஸுக்கு அனுப்போணும், அந்தக் கவலை. 'குழந்தைகளுக்கு எட்டாத இடத்தில் வைக்கவும்'னு போடோணும். வெல, அளவு போடோணும். 'குறை இருந்தால் கூப்பிடவும்'னு உங்க செல் நம்பரு போடோணும். எல்லாம் கண்ணுக்குத் தெரியற எழுத்துல இருக்கோணும்னு சட்டமே இருக்குது. எங்கீங்க போடறது?

— பின்னால தள்ளிப்போடு.

— பின்னாலதான் உங்க காது இருக்குதுங்களே.

— அப்பச் சட்டைய வெட்டு. கழுத்துக்குக் கீழ எனக்கு ஒண்ணும் வேண்டாம்.

— வெட்டுனா தல மட்டும் நிக்கும்ங்க. மண்டையோடு போட்டு 'அபாயம்'னு எழுதற எடத்துல நீங்க நிப்பீங்க. எச்சரிக்கையே தேவப்படாது.

— யுஸ்ரா, நீ சொன்னதச் செய்யி கண்ணு. உங்கப்பா, அத்தா, கடையில இருந்தா இப்படியெல்லாம் எதுத்துப் பேச மாட்டாரு.

— சொல்லிப் பாக்கறது எங்கடமைங்க. காலங்காத்தால ஒருத்தி அரத்தூக்கத்துல கதவச் சாத்திட்டு உக்காருவா. எதுத்தாப்புல நீங்க பல்லக் காட்டிட்டு நின்னா எப்படீங்க இருக்கும்?

— அதேதான் அம்மணி. எனக்கு அதுதான் வேணும்.

— என்னதுங்க?

— அட, தப்பா எடுத்துக்காத. எம்பட மவ நவ்யாவச் சொல்றேன். சென்னிமலையில கட்டிக் குடுத்தமே. நீ கல்யாணத்துக்கு வந்தயல்ல?

— வந்தனுங்க.

— மண்டபத்து வாசல்ல வெச்ச ஃப்ளெக்ஸு பாத்தயா?

— பாக்காம உள்ள வர முடியாதுங்களே. நீங்க பனமர ஒசரத்துல கும்புட்டுட்டு நின்னீங்க. பொண்ணு மாப்பிளைய உங்க சட்டப் பைகிட்ட ஸ்டாம்பாட்டம் ஒட்டி வெச்சிருந்தீங்க. எங்கம்மா உங்களத்தான் மாப்பிளைன்னு நெனச்சுப்போட்டாங்க.

— அவ மாமியாரூட்டுக்காரங்களும் அப்படித்தான் சொல்லிச் சொல்லிச் சிரிச்சாங்களாம். தாலி ஏறுன கையோட நேரா எங்கிட்ட வந்தா. 'இனி செத்தாலும் உங்க மூஞ்சியில முழிக்க மாட்டேன்'னு சொல்லிப்போட்டுப் போனா. போனவதான். பொங்கல், தீவாளி நோம்பிக்கு வாரதில்ல, போன எடுக்கறதில்ல. ஊடு தேடிப் போனாலும் மாப்பிளதான் வந்து டீ குடுத்து அனுப்பறாரு. இவ ரூமுக்குள்ளயே இருந்துக்கறா.

— அதுக்கு?

— மொத லோடு சென்னிமலைக்குத்தான் போவுது. மாப்பிளகிட்டச் சொல்லி வெச்சுட்டேன், ஒரு பாட்டில் வாங்கி உள்ள வெச்சர்றேன்னுட்டாரு. காத்தால எந்திரிச்சதும் மொதல்ல அவ எங்க போவா, சொல்லு? எம்மூஞ்சியில முழிச்சுத்தான ஆவோணும்.

— பெத்த பொண்ணப் பாக்க உங்குளுக்கு இந்த வழிதான் கெடச்சுதுங்களா?

— முன்வாசல் சாத்தியிருந்தா பொடக்காளி வழியாப் போறதில்லையா?

— சிரிக்கறதா கோவப்படறதான்னே தெரியலீங்கண்ணா.

— நீ சிரி. எனக்கு அவளப் பாக்காம சோறு எறங்க மாட்டேங்குது.

— ஒண்ணு சொல்லட்டுங்களா? கோவிச்சுக்கக் கூடாது.

— சொல்லு.

— மூஞ்சிய அத்தன பெருசா வெச்சதுக்குத்தான அவ போனா. இப்ப அதே மூஞ்சிய அவ கக்கூசுக்குள்ளயும் பெருசா வெக்கறீங்க. அவ என்ன பண்ணுவா? பாட்டிலச் செவுத்தப் பாத்தாப்புல திருப்பி வெச்சுருவாளுங்க.

— திருப்பி வெச்சா?

— பின்பக்கம் தெரியும்.

— பின்பக்கம் என்ன இருக்குது?

— உங்க காதுங்க. அப்பறம் அந்தக் குறை நம்பரு, எறும்பு சைஸுல.

— எங்க, அந்தப் பின்பக்கத்தக் கொஞ்சம் காட்டு.

— அண்ணா? என்னங்க பண்ணட்டும்? பிரஸ்ஸுக்காரரு ரெண்டு தடவ கூப்பிட்டுட்டாரு.

— மூஞ்சிய எடுத்துப்போடு அம்மணி.

— பூராவுமா? அப்ப அந்த எடத்துல என்னங்க போடறது?

— நம்பரப் போடு, எத்தன பெருசாப் போவுதோ அத்தன பெருசா. அதுக்கு மேல, 'குறை இருந்தால் அப்பாவைக் கூப்பிடவும்'னு எழுது.