எஃப் வரைக்கும்

— ஷீட் நுனியைப் பிடிம்மா. அந்த நுனி இல்ல, தையல் இருக்கிற நுனி. ம், இப்ப உதறு. சொல்றதைக் கேளு. "டியர் டிஸ்டிங்விஷ்ட் ஆடியன்ஸ். ஐ ஆம் எலேட்டட்."

— எலேட்டடா? கல்யாண விருந்துல யாருப்பா அப்படிப் பேசுவாங்க? ஐ ஆம் ஹேப்பின்னு சொல்லுங்களேன்.

— ஹேப்பி எச்-ல வருது.

— எச்-ல வந்தா என்ன?

— நான் எஃப் வரைக்கும்தான் வந்திருக்கேன்.

— விளையாடாதீங்கப்பா. நாளைக்கு மாப்பிள்ளை வீட்டு ஆளுங்க, தமிழே தெரியாதவங்க, அத்தனை பேரும் உங்க வாயைத்தான் பார்த்துட்டு இருப்பாங்க. பொண்ணோட அப்பா பேசாம அவங்க சாப்பிடவே உட்கார மாட்டாங்களாம்.

— அதுக்குத்தானே இந்த இங்கிலீஷ் வார்த்தை புக்கையே வாங்கினேன். உனக்கு நிச்சயமான மறு வாரமே வாங்கினது. ஏ-லேருந்து வரிசையா வரேன். ஷீட் மடிக்கிறப்ப அர்த்தம் படிப்பேன், அப்புறம் சொந்தமா ஒரு வாக்கியம் சொல்வேன். சொன்னாத்தான் அடுத்த வார்த்தை. இல்லன்னா அங்கேயே நிப்பேன்.

— புக்குலயே வாக்கியம் போட்டிருப்பாங்களே. அதைப் படிச்சாப் போதாதா?

— அது புக்கு போட்டவரோட வாக்கியம். "மந்திரி தம் கருத்தில் பிடிவாதமாக இருந்தார்"னு போட்டிருக்கார். எந்த மந்திரி? எனக்கு என்ன ஒட்டா உறவா? அர்த்தம்ங்கிறது நாம காலர்ல போடுற சலவைக் குறி மாதிரிம்மா. யாரு சட்டைன்னு தெரியும், அவ்வளவுதான். போட்டுப் பார்த்தாத்தான் அளவு தெரியும்.

— சரி, நீங்க போட்டுப் பார்த்ததுல ஒண்ணைக் காட்டுங்க. ஏ-லேருந்து.

— அடமன்ட். இம்மியும் வளைஞ்சு கொடுக்காத ஆளு. "மை வைஃப் இஸ் அடமன்ட் அபௌட் தி விண்டோ." இஸ்திரி மேஜை ஜன்னலோரம்தான் இருக்கணும்னு உங்கம்மா கல்யாணமான நாள்லேருந்து ஒத்தைக் கால்ல நிக்கிறா.

— இதை அம்மாகிட்டயே சொன்னீங்களா?

— சொன்னேன். அர்த்தம் கேட்டா. மன உறுதி உள்ளவள்னு சொல்லி வச்சிருக்கேன். நீ போட்டுக் கொடுத்துடாத.

— டி-ல?

— டிப்ளோரபிள். படு மோசம். நம்மகிட்ட சலவைக்குப் போடுற லாட்ஜ் மேனேஜர்கிட்டயே சொல்லிட்டேன், "சார், யுவர் பில்லோ கவர்ஸ் ஆர் டிப்ளோரபிள்"னு. தேங்க்யூன்னு கையைக் குலுக்கிட்டுப் போனார். கிட்ட வா. நுனியோட நுனி சேரு. ஏய், பார்த்து, கீழ விடாத. தரையில பட்டா திரும்பத் துவைக்கணும்.

— தெரியும்ப்பா. பொறந்ததுலேருந்து இதைத்தானே கேட்கிறேன். நான் நடக்க ஆரம்பிச்ச உடனே கையில நுனியைக் கொடுத்துட்டீங்கன்னு அம்மா இன்னும் திட்டுறா.

— அப்ப உனக்குக் கொடுத்தது தலையணை உறை. ஷீட் அப்புறம்தான். அது வேற விஷயம்.

— ஈ-ல?

— எஃபெமெரல். கொஞ்ச நேரமே இருக்கிறது. நாம போடுற இஸ்திரி எஃபெமெரல். சட்டையை வாங்கினவன் பஸ்ல போய் உட்கார்ந்தான்னா முடிஞ்சுது கதை.

— இது நல்லா இருக்கு.

— நல்லா இருக்கும். உண்மை. பொய் வாக்கியம் சொன்னா வார்த்தை மனசுல ஒட்டாது, மறுநாளே உரிஞ்சு போகும்.

— சரி, நாளைக்கு என்னைப் பத்தி என்ன சொல்லப் போறீங்க?

— அதெல்லாம் தயார். "மை டாட்டர் இஸ் அஃபபிள்." எல்லார்கிட்டயும் முகம் கொடுத்துப் பேசுறவ. "டிலிஜென்ட்." உழைப்பாளி. "கேண்டிட்." மனசுல பட்டதை மறைக்காமச் சொல்றவ. "அண்ட் க்ளான்டெஸ்டின்."

— க்ளான்டெஸ்டினா? அப்பா, அதுக்கு அர்த்தம் தெரியுமா?

— தெரியாமலா. ஊருக்குத் தெரியாம ரகசியமாச் செய்யறது. ஒரு வருஷம் அந்தப் பையனோட பழகிட்டு, வாயில விரலை வச்சாக் கடிக்கத் தெரியாதவ மாதிரி எங்க முன்னாடி உட்கார்ந்திருந்தியே.

— கேண்டிடும் நான்தான், க்ளான்டெஸ்டினும் நான்தானா? ரெண்டும் எப்படி ஒரே ஆளா இருக்கும்?

— அதைத்தான் நானும் உங்கம்மாகிட்ட கேட்டேன்.

— மானம் போயிடும்ப்பா. தயவு செஞ்சு எடுத்துடுங்க.

— சரி, எடுத்துட்டேன். நீ விஷயத்தைச் சொன்ன அன்னிக்கு நானும் கொஞ்சம் அதிகமாத்தான் பேசிட்டேன்.

— ஆழம் தெரியாம காலை விடாதேன்னு சொன்னீங்க. அவ்வளவுதான். அதுக்கப்புறம் அவர் வந்து உட்கார்ந்ததும் நீங்களே தண்ணி கொண்டு வந்து கொடுத்தீங்க.

— பையன் மேல குறை இல்ல. எந்தக் குறையும் இல்ல. தூரம்தான்.

— அப்பா, பேச்சுக்கு வாங்க. "ஐ ஆம் ப்ரௌட் ஆஃப் மை டாட்டர்"னு ஒரு வரி போட்டுக்கலாமா? எல்லா அப்பாவும் சொல்ற வரிதான்.

— அது ரெண்டாவது பி.

— எந்த பி?

— பேங்குக்கு ஒரு பி இருக்கு, போஸ்டுக்கு ஒரு பி இருக்கு. பேங்கு பி முடிச்சாச்சு. போஸ்டு பி எங்கேயோ தள்ளிக் கிடக்கு.

— லவ்?

— எல். ஆனா அதுக்கு அடோர் இருக்கு, செரிஷ் இருக்கு. அதை வச்சு ஒப்பேத்திடலாம்.

— புக்குல வராட்டி என்ன? லவ், ஹேப்பி எல்லாம் உங்களுக்குத் தெரிஞ்ச வார்த்தைதானே.

— தெரிஞ்ச வார்த்தையைச் சொல்லித்தான் ஒரு தடவை மாட்டிக்கிட்டேனே.

— எப்ப?

— ஒண்ணுமில்ல. அடுத்த ஷீட்டை எடு.

— இப்படிச் செய்யலாமா? நீங்க தமிழ்லயே பேசுங்க. நான் பக்கத்துல நின்னு இங்கிலீஷ்ல சொல்றேன்.

— வேண்டாம்.

— ஏன் வேண்டாம்?

— என் பொண்ணு தங்கமானவன்னு நான் சொல்வேன். அதை நீயே மைக்ல, நான் தங்கமானவன்னு சொல்லுவியா? கேட்கிறவன் சிரிக்க மாட்டானா? அதுவும் போக, ஒரு தடவை நீ எனக்காகப் பேசினது போதும்.

— நான் எப்பப்பா உங்களுக்காகப் பேசினேன்?

— தெரியாத மாதிரி கேட்காத. அந்த வீடியோ கால்ல. சம்பந்தி எவ்வளவு பெரிய படிப்பு படிச்சவர். நேரா என்னைப் பார்த்து, உங்களுக்கு எப்படி இருக்குன்னு இங்கிலீஷ்ல கேட்டார். எனக்குப் புரிஞ்சுது. குட்னு சொன்னேன். இன்னும் ஏதோ கேட்டார். அதுவும் புரிஞ்சுது. அதுக்கும் குட்தான் வந்தது. நீ சட்டுனு ஃபோனை உன் பக்கம் திருப்பி, மை ஃபாதர் இஸ் டயர்ட்னு சொல்லிட்ட. நான் ஒண்ணும் டயர்டா இல்லம்மா. குளிச்சுட்டு, நானே இஸ்திரி போட்ட சட்டையை மாட்டிட்டு, அதுக்காகவே உட்கார்ந்திருந்தேன்.

— அதுக்காகத்தான் இந்த புக்கு வாங்கினீங்களா?

— வேற எதுக்கு? அன்னிக்கு உன் முகம் சுண்டிப் போச்சு. என் பொண்ணு என்னால நாலு பேர் முன்னாடி தலைகுனியக் கூடாது.

— அப்பா, அந்த ஷீட்டைக் கொஞ்சம் இறக்குங்க. உங்க முகத்தை மறைக்குது. நீங்க என் முகத்தைப் பார்த்தீங்க, நான் உங்க கண்ணைப் பார்த்தேன். ரெண்டாவது குட் சொல்றப்ப உங்க குரல் உடைஞ்சுது. இன்னொரு குட் சொல்லியிருந்தா நான் அவங்க முன்னாடியே அழுதிருப்பேன். அதான் திருப்பினேன். வெட்கப்பட்டேன்னா நினைச்சீங்க? இத்தனை மாசமாவா?

— நினைச்சேன்.

— ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே.

— எப்படிக் கேட்கிறது? கேண்டிட் நீதானே, நான் இல்லையே.

— உங்களை நினைச்சு நான் ஒரு நாளும் வெட்கப்பட்டதில்லப்பா. ஒரு நாளும்.

— சரி, சரி. நுனியைப் பிடி. கண்ணைத் துடைக்கிறதுக்கு ஷீட்டை எடுக்காத, லாட்ஜ்காரனுது.

— ஒண்ணு கேட்கிறேன், மழுப்பாமச் சொல்லுங்க. மழை விடறதுக்குள்ள ஈ முடிச்சிட்டேன்னு என் ஹாஸ்டலுக்கு ஃபோன் பண்ணிச் சொன்னீங்க. இப்ப வெயில் காலமே வந்தாச்சு. இன்னும் எஃப்-லயே எப்படி இருக்கீங்க?

— வாஷிங் மெஷின் ரிப்பேர்.

— அது ரெண்டே நாள்ல சரியாயிடுச்சுன்னு அம்மா சொன்னா.

— கண்ணாடி உடைஞ்சு போச்சு.

— மூக்கு மேல உட்கார்ந்திருக்கிறது என்ன?

— அப்புறம் கொடிக்கயிறு வேற அறுந்துது. கையை விரிச்சு அளந்தேன், மூணு பாகம் வேணும். கடைக்காரன் மீட்டர்ல சொல்லுங்கிறான். ரெண்டு கையையும் விரிச்சா ஒரு பாகம், இது தெரியாம அவன் கயிறு விக்க வந்துட்டான்.

— கயிறை விடுங்க. எஃப்-ல எதெல்லாம் முடிச்சீங்க?

— ஃபேப்ரிகேட். இல்லாததைக் கட்டிச் சொல்றது.

— இப்ப மெஷின், கண்ணாடின்னு சொன்னீங்களே, அது மாதிரி.

— ஃபாலிபிள். தப்புப் பண்ணக்கூடிய ஆளு. "ஐ ஆம் ஃபாலிபிள்." டாக்டரோட வெள்ளைக் கோட்டோட சிவப்புக் கைக்குட்டையைப் போட்டு ஊற வச்சவன் நான். அப்புறம் ஃபனாட்டிக், வெறி பிடிச்சவன்.

— ஃபனாட்டிக்குக்கு அப்புறம்?

— லாட்ஜ்லேருந்து ஆள் வந்துடுவான். வேலையைப் பாரு.

— புக்கு கஞ்சி டப்பா பக்கத்துலதான் இருக்கு, எனக்குத் தெரியுது. நான் எடுத்துப் பார்க்கட்டுமா, நீங்களே சொல்றீங்களா?

— ஃபேர்வெல்.

— ஃபேர்வெல்லா? அது பள்ளிக்கூடத்துப் பிள்ளைங்களுக்கே தெரியுமேப்பா.

— எனக்கும் தெரியும். பள்ளிக்கூடம் முடிக்கிறப்ப ஃபேர்வெல் பார்ட்டின்னு உங்கம்மாவோட கம்மலை மாட்டிட்டுப் போயி, ஒண்ணைத் தொலைச்சுட்டு வந்தவ நீ.

— அப்ப அந்தக் கம்மலையே வாக்கியமாச் சொல்லிட்டுத் தாண்டியிருக்கலாமே.

— சொல்லிப் பார்த்தேன். ஒட்டல. அந்த வார்த்தையை வாயில எடுத்தாலே உன் பெட்டிதான் கண்ணு முன்னாடி வந்து நிக்குது. மை டாட்டர்னு ஆரம்பிக்கிறேன், முடிக்க வரமாட்டேங்குது. இந்த வார்த்தையைத் தாண்டலன்னா நீ போக வேண்டியிருக்காதுன்னு ஒரு பைத்தியக்கார நினைப்பு. ஃப்ளைட் டிக்கெட் எடுத்தாச்சு, எல்லாம் எனக்குத் தெரியும். தெரிஞ்சும் அங்கேயே நிக்கிறேன். சிரிக்காத.

— நான் சிரிக்கலப்பா.

— நீ ஹாஸ்டல்ல இருந்தப்ப உனக்குக் காய்ச்சல்னா ராத்திரியோட ராத்திரியா பஸ் ஏறி வந்து நின்னேன். இனிமே எந்த பஸ்ல ஏறி வருவேன்? அதை எந்த எழுத்துல போய்த் தேடறது?

— இருங்க. ஷீட்டைத் தோள்ல போட்டுக்கிறேன், கீழ விழாது. புக்கை எடுத்துட்டேன். பக்கத்தைத் திருப்பறேன்.

— திருப்பாத. வாக்கியம் சொல்லாம திருப்பக் கூடாது.

— அது உங்க சட்டம். என்னைக் கட்டுப்படுத்தாது. ஃபேர்வெல் இந்தப் பக்கத்துல கடைசி வார்த்தைப்பா. அடுத்த பக்கத்துல முதல்ல என்ன இருக்குன்னு பார்த்தீங்களா?

— பார்க்கல. பார்க்கப் பிடிக்கல.

— இப்பப் பாருங்க. எழுத்துக் கூட்டுங்க.

— எஃப், ஏ, டி, எச். ஃபாதரா?

— நாலு எழுத்து வரைக்கும் ஃபாதர்தான். அப்புறம் ஓ, எம். ஃபேதம். அர்த்தம் படிக்கிறேன். "ஒன்றின் ஆழத்தை அறிதல்."

— ஆழமா?

— ஆழம் தெரியாம காலை விடாதேன்னு சொன்னீங்களே, அந்த ஆழம். கீழ சின்ன எழுத்துல இன்னும் இருக்கு. "நீரின் ஆழத்தை அளக்கும் அளவு. இரு கைகளையும் விரித்தால் ஒரு விரல் நுனியிலிருந்து மறு விரல் நுனி வரை."

— பாகம்.

— ம். பாகம்தான்.

— இங்கிலீஷ்காரனும் கையை விரிச்சுத்தான் அளந்தானா? இந்தப் பக்கத்தை அந்தக் கயித்துக் கடைக்காரன்கிட்ட காட்டணும்.

— காட்டலாம், இருங்க. இன்னும் ஒரு வரி பாக்கி. "பழங்காலத்தில், கைகளை விரித்து அணைத்துக்கொள்ளுதல் என்றும் பொருள்."

— திரும்பப் படி.

— "கைகளை விரித்து அணைத்துக்கொள்ளுதல்."

— இது எஃப்-லதானே இருக்கு?

— எஃப்-லதான்ப்பா. நாளைக்கு நீங்க இந்த ஒரு வார்த்தையைச் சொன்னாலே போதும். ஆனா சொந்தமா ஒரு வாக்கியம் வேணும், உண்மையா இருக்கணும். உங்க சட்டம்.

— வாக்கியம் இருக்கு. அந்த ஷீட்டைக் கீழ போடு.

— தரையில பட்டா திரும்பத் துவைக்கணுமேப்பா.

— துவைச்சுக்கலாம். நீ வா.